விலையும் தரமும் இல்லாத மேப்

வாங்குபவர்கள் பிராண்டுகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் புள்ளிகளாகக் காட்டும் பர்செப்சுவல் மேப் போடச் சொன்னால் எம்.பி.ஏ. மாணவர்கள் யோசிக்காமல் போடும் அச்சுகள் இரண்டு: விலை, தரம். விலை கூடினால் தரமும் கூடும் என்றே வாங்குபவர்கள் நினைப்பதால், பிராண்டுகள் எல்லாம் ஒரே சாய்கோட்டில் வரிசை கட்டி நின்றுவிடும். இரண்டு அச்சு போட்டும் கையில் கிடைப்பது ஒரே தகவல். அதை வைத்து யாருக்கும் எதையும் விற்க முடியாது.

கோவையில் இந்தப் பாடத்தை நடத்த வெட் கிரைண்டரை விட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. 1955-ல் பி. சபாபதி இங்கே உருவாக்கியது. ஊத்துக்குளிக் கல்லுக்குப் பேர் போனது. புவிசார் குறியீடும் வாங்கியது. பழைய பெரிய கிரைண்டர், டில்டிங், டேபிள் டாப் என்று அது மாறி வந்த வரலாறே பொசிஷனிங், அதாவது வாங்குபவர் மனதில் இடம் பிடிக்கும் வரலாறுதான். அரைக்கும் வேலை மாறவில்லை; வீட்டுக்காரர்களுக்கு எது தொல்லை என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது.

எனவே வகுப்பில் அச்சு எதையும் நான் சொல்வதில்லை. மூன்று கிரைண்டர் படங்களைக் கொடுத்து வீடுகளுக்கு அனுப்புகிறேன். "இதுல எந்த ரெண்டு ஒரே மாதிரி? மூணாவது எதுல வேற?" கேள்வி அவ்வளவுதான். இது உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி தந்த முறை. அவர் புத்தகம் வந்ததும் அதே 1955-ல். வாட்ஸ், லிட்டர் என்று எழுதத் தயாராகப் போன மாணவிக்குக் கிடைத்த பதில்: "இது ரெண்டும் ஒண்ணுதானுங்க, மாவு வழிக்கறதுக்குக் கல்லத் தூக்கோணும். அதுல அப்படியே சாய்ச்சுக்கலாமுங்க." இன்னொரு வீட்டில்: "ரெண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி போட்டா, கல்லுல ஒட்டுனது போக மிச்சம் என்னங்க இருக்கும்?" மாவு வழிக்கிற பாடு, வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு: அச்சுகள் இப்படித்தான் வர வேண்டும். அந்த இரண்டாவது வீட்டில் கிரைண்டருக்குப் போட்டி இன்னொரு கிரைண்டர் அல்ல, கடை மாவு பாக்கெட். அதையும் ஒரு புள்ளியாக வைக்காத மேப்பை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்தது ஒப்புமை மதிப்பெண். எட்டுப் பொருள் என்றால் 28 ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். 1960-களில் பெல் ஆய்வகத்தின் ஷெப்பர்டும் கிரஸ்கலும் வளர்த்தெடுத்த கணக்குமுறை அந்த மதிப்பெண்களைத் தூரங்களாக்கிப் புள்ளி வைத்துத் தரும். ஆனால் அச்சுக்குப் பெயர் தராது. படத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் தூரம் மாறாது. பெயர் வைக்க வேண்டியவர் மாணவர். வீடு வீடாகப் போய்க் கேட்டவருக்குத்தான் அது வரும். மென்பொருளை மட்டும் நம்பியவர் அங்கே திரும்பவும் 'தரம்' என்று எழுதிவிடுவார்.

மேப்பில் காலி இடத்தைப் பார்த்ததும் "சார், இங்கே யாருமே இல்லை" என்று மாணவர்களின் கண்கள் மின்னும். எனக்கும் பிடித்த நேரம் அது. நிறைய மாவு அரைக்க வேண்டும், தூக்க லேசாகவும் இருக்க வேண்டும் என்ற மூலை பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். கருங்கல்லுக்கு எடை உண்டு; அந்த எடைதான் மாவை அரைக்கிறது. எனவே அடுத்து அவர்களை அனுப்புவது கிரைண்டர் பட்டறைக்கு. அங்கே கல் கொத்துகிறவரோடு பேசிவிட்டு வந்தவர்கள் அந்த மூலையை வேறு விதமாகப் பார்க்கிறார்கள்: கல்லைத் தூக்காமல் கழுவ வழி உண்டா என்று.

செய்ய முடிந்தாலும் அங்கே வாங்க ஆள் வேண்டும். பொள்ளாச்சித் தோட்டத்துக் கூட்டுக் குடும்பமும் சரவணம்பட்டி அடுக்ககத்தில் இருக்கும் ஐ.டி. தம்பதியும் விரும்பும் கிரைண்டர் மேப்பின் இரு கோடிகளில் இருக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் புள்ளி நடுவில் விழும். அந்த கிரைண்டரை இரண்டு வீடுமே வாங்காது. ஆகவே வாங்குபவர்களில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேப் கேட்கிறேன். அச்சின் பெயர் அந்த வீட்டார் சொன்ன சொல்லிலேயே இருக்க வேண்டும்: 'கல்லத் தூக்கோணும்' ஒரு முனை, 'சாய்ச்சுக்கலாம்' மறு முனை.