அடிச்சா கடலூர் தெரியுமாம்!

பாண்டிச்சேரி மகாத்மா காந்தி ரோடு சண்டே மார்க்கெட். பேன்ட், செருப்புக்கு நடுவே எல்.இ.டி. டார்ச்! "பத்தாயிரம் லூமென் சார், அடிச்சா கடலூர் தெரியும்!"

நம்பாதீங்க. உள்ளே இருப்பது ஒத்தை 18650 செல். அதன் மேல் 9900 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருந்தால் அது புளுகு. நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் வரும்.

வெளிச்சத்தைத் தூரம் தள்ளுவது பின்னாலிருக்கும் கிண்ணம். பீச்சில் நிற்கிறதே பழைய கலங்கரை விளக்கம், 1836-ல் அதில் எரிந்தது வெறும் எண்ணெய் விளக்கு. கப்பல் வரை கொண்டுபோனது பளபள பிரதிபலிப்பான்! வழவழ கிண்ணம் தூரத்துக்கு; ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொர கிண்ணம் பக்கத்துக்கு.

சிலர் டார்ச்சைப் பிரித்து, ரெசிஸ்டர் சேர்த்து கரண்டை ஏற்றுகிறார்கள். சூடு இறங்க வழி? மலிவு டார்ச்சில் எல்.இ.டி. தகடு பாடியைச் சரியாகத் தொடுவதே இல்லை. இடையில் கொஞ்சம் தெர்மல் பேஸ்ட் தடவுங்க, அதுவே பெரிய வைத்தியம். கரண்டை ஏற்றினால் செல்தான் சீக்கிரம் படுத்துக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது இங்கே தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் கட். அப்போது கடலூரைப் பார்த்து என்ன செய்ய? காலடியில் சாக்கடை மூடி இருக்கா இல்லையான்னு விடியும்வரை காட்டணும். வாங்கும்போது லோ மோட் இருக்கான்னு அமுக்கிப் பாருங்க சார்.