தந்தையாரின் நிறம்

பீன்யாவில் நம்மவர் வாழும் வீடு எதற்குள் நுழைந்தாலும், சுவரில் மாலையிட்ட பெரியவர் ஒருவரின் படத்தைக் காணலாம். அவரை உயிரோடு கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவர்: அவர் அவ்வளவு சிவந்த மேனியர் அல்லர். வெயிலிலும் பட்டறைச் சூட்டிலும் கறுத்து உழைத்த மனிதரை, படம் பெரிதாக்கும் கடைக்காரர் நன்றாக வெளுக்கச் செய்து, சட்டமிட்டுத் தந்துவிடுவார். வீட்டாரும் அதனைக் குறையாகக் கொள்வதில்லை. நம் தந்தையாருக்கு அந்நிலை வரும்வரை நாமும் கொண்டதில்லை.

தந்தையார் அரூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பீன்யா தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறை ஒன்றில் 31 ஆண்டுகள் நின்று உழைத்தவர். 2024 ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் நம் சங்கத்துச் சிறுவர்களுக்குப் பரிசு வழங்கி, நான்கு நிமிடம் பேசினார். அவர் மேடை ஏறியது அந்த ஒருமுறைதான். நம் மைத்துனர் அதனைக் கைப்பேசியில் படமெடுத்தார். அவ்வாண்டு ஆவணியில் தந்தையார் மாரடைப்பால் மறைந்தார். அவருடைய குரலும் அசைவும் ஒருங்கே அமைந்த படம் நம்மிடம் அஃதொன்றே.

ஆண்டுத் திதியன்று ஊரில் உற்றார் அனைவருக்கும் அதனைக் காட்டவேண்டும் என்று எண்ணினோம். முதலில் அன்னையாரிடம் காட்டினோம். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஏன் கண்ணு, அவர் காமாலைக்காரர் மாதிரி இருக்கிறார்? அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தார்?” என்றார். நமக்கோ படத்தில் ஒரு குறையும் தோன்றவில்லை. அருகிருந்த நம் இல்லாள்தான், “என்னங்க, முகமெல்லாம் பச்சையாக இருக்கிறதே, உங்களுக்குத் தெரியவில்லையா?” என்று கேட்டார்.

விழாவுக்கு வந்தோர் பந்தலை மறந்திரார். தை மாதத்து வெயிலுக்கு அஞ்சிப் பச்சைத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். அதனூடே வடிந்த வெளிச்சம் முழுவதும் தந்தையார் முகத்தில் விழுந்திருந்தது. அந்தப் பச்சைதான் நம் கண்ணுக்கு எட்டாத பச்சை.

இவ்விடத்தில் நம்மைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. நம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. இரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்குத் தேர்வாகி, மருத்துவச் சோதனைக்குச் சென்றோம். புள்ளிகள் நிறைந்த வட்டங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று வினவினர். பல வட்டங்களில் நமக்கு எண்ணே தென்படவில்லை. சிவப்பும் பச்சையும் வெளிறிய இடத்தில் நமக்கு ஒன்றுபோலவே தோன்றும் என்பதை அன்றுதான் அறிந்தோம். நிறம் பிரித்தறியும் கண் வேண்டாத கடைநிலைப் பணி ஒன்று பின்னர் வாய்த்தது. துறைத்தேர்வு எழுதிச் சரக்குப் பிரிவில் எழுத்தரானோம்.

இச்சோதனைக்கும் இரயிலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1875 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சுவீடன் நாட்டு லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு இரயில்கள் மோதின. ஊழியர் எவருக்கேனும் நிறக்குறை இருந்திருக்குமோ என்று ஐயுற்ற ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர், வண்ணக் கம்பளி நூற்கற்றைகளைக் கொடுத்து இனம் பிரிக்கச் சொல்லி, இரயில்வே ஊழியரின் கண்களைச் சோதிக்கும் முறையைக் கொணர்ந்தார். நமக்குக் காட்டிய புள்ளி வட்டங்கள், ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917 இல் வெளியிட்டவை. இக்குறை பெரும்பாலும் தாய்வழியே மகனுக்கு வருவது என்று நூல்கள் கூறுகின்றன. அதனை நாம் அன்னையாரிடம் சொன்னதில்லை, சொன்னால் வருந்துவார்.

பச்சையை நீக்கித் தருமாறு நகரத்துக் கடை ஒன்றில் படத்தை ஒப்படைத்தோம். பணமும் மிகுதியாகவே கொடுத்தோம். மூன்றாம் நாள் படம் வந்தது. பச்சை போயிற்று, அதனோடு தந்தையாரும் போய்விட்டார். கன்னத்துச் சுருக்கங்கள் மழமழவென்றாகி, மேனி சந்தனநிறம் பெற்று, உதடு மணமகனுக்குச் சாயம் பூசியதுபோல் இருந்ததாம். அன்னையார் அதனைப் பார்த்துச் சினக்கவில்லை. “இது உங்க அப்பா இல்லை, கண்ணு. யாரோ புள்ளைக்காரர் வீட்டு மாப்பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குள் சென்றார்.

அன்றிரவுதான் நாமே செய்துபார்ப்பதென்று துணிந்தோம். இரயில்வேக்கு முன்னர் ஈராண்டு பாஸ்போர்ட் படக்கடை ஒன்றில் வேலை பார்த்திருக்கிறோம். போட்டோஷாப்பில் லெவல்ஸ், கர்வ்ஸ் என்னும் இரண்டையும் வைத்துக்கொண்டு மங்கிய முகங்களைத் தெளிவிப்பது அந்நாளில் அன்றாடத் தொழில். ஆனால் அவை அசையாப் படங்கள். மைத்துனரின் கைப்பேசி நொடிக்கு 30 படம் எடுப்பது. நான்கு நிமிடத்துக்கு 7,200 படம். ஒவ்வொன்றாகத் திருத்த ஓர் ஆயுள் போதுமோ என்று முதலில் மலைத்தோம்.

மலைப்பு வீணாயிற்று. அசையும் படத்திலிருந்து ஒரு படத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழகிய கருவிகளாலேயே அதனைத் திருத்தலாம். திருத்திய வகையை ஒரு பட்டியலாக எழுதி வெளியிடும் வசதி போட்டோஷாப்பில் 2014 முதல் உள்ளது. இப்பட்டியலை லுக்-அப் டேபிள் என்கின்றனர். சரக்குப் பிரிவில் இருப்போர்க்கு இஃது எளிதில் விளங்கும். இன்ன சரக்கு, இத்தனை கிலோமீட்டர் எனில் இத்தனை ரூபாய் என்று கட்டணப் பட்டியல் சொல்வதுபோல, சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு வந்தால், இன்னின்னவாக மாற்றுக என்று இப்பட்டியல் சொல்லும். ஒவ்வொரு நிறத்துக்கும் 33 படி வைத்தால், 35,937 வரிகள். இடையே விழும் எண்களை இயந்திரமே கணித்துக்கொள்ளும். அந்தப் பட்டியலை அசையும் படத்தின்மேல் வைத்தால், 7,200 படமும் ஒருங்கே மாறிவிடும்.

வைப்பதற்கு ஏற்ற மென்பொருள் டாவின்சி ரிசால்வ். ஒரு காலத்தில் பெரிய திரைப்படக் கூடங்களே வாங்கத்தக்க விலையுடையதாக அது இருந்தது. 2009 இல் பிளாக்மேஜிக் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம் அதனை வாங்கிய பின்னர், விலையில்லாப் பதிப்பும் கிடைக்கலாயிற்று. அதனுள் லிஃப்ட், காமா, கெய்ன் என்று மூன்று சக்கரங்கள் உள்ளன. பெயரைக் கண்டு அஞ்சவேண்டா. லெவல்ஸில் நாம் இழுத்துப் பழகிய கருமை, இடைநிலை, வெண்மை என்னும் மூன்று முனைகளின் உடன்பிறப்புகளே அவை.

முன்னாளில் பிலிம் கூடத்தில் இவ்வேலையைச் செய்தோர், அச்சுப்பொறியின் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை 1 முதல் 50 வரையுள்ள புள்ளிகளால் கூட்டியும் குறைத்தும் காட்சிக்குக் காட்சி ஒத்துவரச் செய்தனர். 1956 இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தொட்டு நம் வண்ணப்படங்கள் யாவும் அத்தகைய பெயரறியாக் கைகளைக் கடந்து வந்தவையே. 1964 இன் ‘கர்ணன்’ கணினியில் புதுப்பிக்கப்பட்டு 2012 இல் மீண்டும் திரைக்கு வந்தபோது, தந்தையாரோடு சென்று பார்த்தோம். இடைவேளையில் அவர் பேசியது முறுக்கின் விலையைப் பற்றியே.

இனி நம் முயற்சிக்கு வருவோம். படக்கடையில் கற்ற முதற்பாடம், படத்தில் வெண்மையானது எதுவோ அதனைத் தொட்டு, இது வெண்மை என்று இயந்திரத்துக்குச் சொல்வது. தந்தையாரின் வேட்டியைத் தொட்டோம். பச்சை அகன்றது என்று எண்கள் கூறின. ஆனால் முகம் மஞ்சளாயிற்று என்றார் இல்லாள். காரணம் புரியாமல் இரண்டு இரவு விழித்தோம். அன்னையாரைக் கேட்டபோது, “விழா என்று நீலம் கொஞ்சம் கூடப் போட்டேன், கண்ணு” என்றார். வேட்டி வெண்மையன்று, நீலம் கலந்த வெண்மை. அந்த நீலத்தை வெண்மையாக்கப் புகுந்த இயந்திரம், படம் முழுவதிலும் நீலத்தைக் குறைத்து மஞ்சளைக் கூட்டிவிட்டது! பின்னர் மேடையோரத்து இரும்பு நாற்காலியின் சாம்பல் நிறத்தைத் தொட்டோம். அது சரியாக வந்தது.

வந்தது முதல் இரண்டு நிமிடத்துக்கு மட்டும். பரிசு கொடுக்கும்போது தந்தையார் தார்ப்பாயின் விளிம்புக்கு நகர்கிறார். பாதி முகத்தில் நேர்வெயில் படுகிறது. கைப்பேசியோ தானாகவே நிறத்தைச் சரிசெய்ய முயன்று, நடுவில் ஒருமுறை மாறிவிடுகிறது. நிழலுக்கு எழுதிய பட்டியல் வெயிலில் செல்லாது. அசையாப் படக் கல்வி நமக்கு உதவாமற்போன இடம் இதுவே. மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் எழுதினோம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நேரத்தைக் குறித்து, ஓரிரு நொடியில் மெல்லக் கலக்கச் செய்தோம். வெயில் பட்ட நெற்றியில் மட்டும் ஒன்றும் செய்ய இயலவில்லை. கைப்பேசி அவ்விடத்தை வெறும் வெள்ளையாகவே பதிவு செய்திருந்தது. இல்லாத நிறத்தை எப்பட்டியலும் தராது. அதனை அப்படியே விட்டோம்.

நிறம் தெரியாத நாம் எவ்வாறு இதனைச் செய்தோம் என்று சிலர் ஐயுறலாம். ரிசால்வில் வெக்டர்ஸ்கோப் என்னும் வட்டம் ஒன்று உண்டு. படத்தின் நிறமெல்லாம் அவ்வட்டத்தில் புள்ளிகளாக விழும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோடு வரைந்திருப்பர். மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் அக்கோட்டை ஒட்டியே விழும். கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் கோடு ஏறத்தாழ ஒன்றே! வேறுபடுவது ஒளியின் அளவும் நிறத்தின் செறிவுமே. இதனைப் படித்த அன்று வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். தந்தையார் முகத்தை மட்டும் பிரித்து வட்டத்தில் இட்டால், புள்ளிகள் பச்சைப் பக்கம் சாய்ந்து கிடந்தன. கண்ணை நம்பாமல், அப்புள்ளிகளைக் கோட்டின்மேல் கொண்டுவந்து நிறுத்தினோம்.

ஆயினும் எவ்வளவு கறுப்பு என்பதைக் கோடு சொல்லவில்லை. வெளிநாட்டில் கோடாக் நிறுவனத்தார் 1950களில் ஷெர்லி என்னும் வெள்ளைப் பெண்மணியின் படத்தை அச்சிட்டுக் கூடங்களுக்கு அனுப்பினர். அவர் முகம் சரியாக வந்தால் எல்லா நிறமும் சரி என்பது கணக்கு. பின்னர் வேறு பெண்கள் அமர்ந்த அட்டைகளுக்கும் ஷெர்லி என்ற பெயரே நிலைத்தது. கறுத்த மேனியரின் முகங்கள் அக்கணக்கில் அடிபட்டுப் போனதை இன்று பலரும் எழுதுகின்றனர். நம்மிடம் தந்தையார் முகத்துக்கென்று அட்டை ஏது?

அன்னையாரை அழைத்துக் கணினி முன் அமர்த்தினோம். அவர் திரையைப் பார்த்தார். பிறகு தம் வலக்கையைத் திரையருகே வைத்து, புறங்கையைத் தந்தையாரின் கன்னத்தோடு ஒட்டிப் பார்த்தார். “என் கையைவிட அவர் இன்னும் ஒரு பிடி கறுப்பு” என்றார். இடைநிலை முனையைச் சிறிது இறக்கினோம். “இன்னும்” என்றார். மேலும் இறக்கினோம். “போதும், போதும். இப்போதுதான் பட்டறையிலிருந்து வந்திருக்கிறார்.” கையை எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே இருந்தார். பிறகு, “வெற்றிலை போட்டிருக்கிறார், பார். மேடையேறும்போது போடவேண்டாம் என்றேன், கேட்டாரா?” என்று கடிந்துகொண்டார். அந்த உதட்டுச் சிவப்பு நமக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னோம்.

2025 ஆவணியில், அரூர்ப் பக்கத்து வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் படத்தைக் காட்டினோம். அந்த வேட்டிக்கும் அன்னையார் நீலம் போட்டிருந்தார். சிற்றப்பா மட்டும், அண்ணனைக் கொஞ்சம் சிவப்பாகக் காட்டியிருக்கலாமே என்றார். அன்னையார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடி வாய் திறக்கவில்லை.

சங்கத்து அன்பர் பலரிடம் இவ்வாறு நிறங்கெட்ட படங்கள் இருக்கும் என்று அறிவோம். ஞாயிறு மாலைகளில் நம் இல்லத்துக்குக் கொண்டுவரலாம், கட்டணம் இல்லை. வாட்சப்பில் வந்த படத்தைவிட, எடுத்த கைப்பேசியிலேயே உள்ள மூலப்படம் வேண்டும். வாட்சப் சுருக்கிய படத்தில் நிறத்தை இழுத்தால் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. மூலத்தின் படி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு வருக. படத்தில் உள்ளவரை அருகிருந்து அறிந்த ஒருவரும் கட்டாயம் உடன்வரல் வேண்டும். நிறத்தை அவர்தாம் சொல்லவேண்டும், நமக்குத் தெரியாது.