பனி பார்த்த பூமி

தமிழில் பனி என்னும் சொல் ஒன்று, பொருளோ இரண்டு. மார்கழி விடியலில் வாசற்கோலத்தின்மேல் படிந்து, கதிரவன் எழுந்ததும் காணாமற்போகும் துளியும் பனிதான். இமயத்தின் உச்சியில் ஆளுயரத்துக்கு உறைந்து கிடப்பதும் பனிதான். நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்டனர். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழியும் சொல்லிவைத்தனர். ஆயினும் அவர்கள் பேசியதெல்லாம் துளிப்பனியே. நிலத்தை ஐந்து திணைகளாகப் பகுத்த அப்பெருமக்கள் உறைபனிக்கென்று ஆறாவது திணை ஒன்றை வகுக்கவில்லை. வகுக்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை.

அந்த ஆறாவது திணையைக் கண்ணாரக் கண்டுவரவேண்டும் என்ற ஆசை எங்கள் ஜீவனஹள்ளி வீட்டில் நெடுநாள் குடியிருந்தது. நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர்களுக்கு இத்தகைய ஆசை எளிதில் கைகூடுவதில்லை. எனினும் விடுமுறைப் பயணச் சலுகை என்று ஒன்று இருக்கிறது. காஷ்மீருக்குச் செல்வோர் தில்லிவரை இரயிலிலும், தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானத்திலும் செல்ல அதில் இடமுண்டு. அதனை நம்பி, 2024ஆம் ஆண்டு தைத்திங்களில், குடியரசு நாளை ஒட்டிக் குடும்பத்தோடு குல்மர்க் செல்வதென முடிவு செய்தோம்.

பனியைக் காண்பது மட்டும் போதாது, பனிமேல் சறுக்கவும் கற்றுக்கொள்ளவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் எங்கள் மகள். பெய்ஜிங்கில் 2022இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிற்கு இந்தியாவிலிருந்து சென்ற ஒரே வீரர் குல்மர்க் வட்டாரத்தைச் சேர்ந்த ஆரிஃப் கான் என்பதை அவள் அறிந்துவைத்திருந்தாள். அதைவிட அவளை ஈர்த்தது வேறொன்று. பனியே பெய்யாத குடகு நாட்டில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா என்னும் பெண்மணி, பனிச்சறுக்குப் போட்டிகளில் நம் கர்நாடகத்துக்காகக் களம் இறங்குகிறார் என்ற செய்தியே அது. "குடகுக்காரியால் முடியுமானால் ஜீவனஹள்ளிக்காரியால் முடியாதா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. முந்திய ஆண்டு அங்கே சென்றுவந்த அலுவலக நண்பரிடம் ஒரு பயிற்சியாளரின் தொலைபேசி எண்ணைப் பெற்று, பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு நாள் பயிற்சிக்கென 2,000 ரூபாய் முன்பணமும் அனுப்பினோம்.

குல்மர்க் என்றால் மலர்ப் புல்வெளி என்று பொருள். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில், பைன் மரக்காடுகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் கிண்ணம் போன்ற வெளி அது. ஆங்கிலேயப் படை அதிகாரிகள் 1927இல் அங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். விடுதலைக்குப் பின், 1948இல், நம் தரைப்படை அங்கே பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. அதற்குக் காரணராக இருந்தவர் படைத்தலைவர் திம்மய்யா; அவரும் குடகு நாட்டவரே. அந்தப் பள்ளியே பின்னர் உயர்மலைப் போர்ப்பள்ளியாக வளர்ந்தது. குடிமக்களுக்குக் கற்பிக்க நடுவண் அரசின் சுற்றுலா அமைச்சகம் நடத்தும் நிறுவனமும் அங்கு உண்டு. இவையெல்லாம் இரண்டு இரவு இரயில் பயணத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிச்சென்ற கதைகள்.

இன்னொன்றும் வழியில் பேசி முடிவு செய்தோம். குல்மர்க்கில் பயணியரை மரச்சட்டப் பலகைமேல் அமர்த்திக் கயிறுகட்டி மனிதர்களே இழுத்துச் செல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவைத் தமிழ்நாட்டில் 1973இலேயே ஒழித்துவிட்டார்கள். அப்படியிருக்க, பனியில் மட்டும் அதற்கு உடன்படலாமா? எத்தனை முறை அழைத்தாலும் அந்தப் பலகையில் ஏறுவதில்லை என்று நால்வரும் உறுதி பூண்டோம். அந்த உறுதியில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

மலையடிவாரத்திலுள்ள டாங்மர்க்கில் ஒரு சிறு விடுதியில் பெட்டிகளை வைத்துவிட்டு, அங்கேயே நால்வருக்கும் கனத்த மேலங்கிகளும் முழங்கால்வரை வரும் இரப்பர்க் காலணிகளும் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் கொடுக்கும்போது ஏதோ சொல்லத் தயங்கியவர்போல் எங்களைப் பார்த்தார். அங்கிருந்து குல்மர்க்கிற்கு 13 கிலோமீட்டர் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு வெண்மையை எதிர்பார்த்துச் சாளரத்தின் வழியே கழுத்தை நீட்டிக்கொண்டே சென்றோம். வண்டி நின்றது. இறங்கினோம்.

எங்கும் பழுப்பு நிறம். காய்ந்த புல். ஜீவனஹள்ளியில் நாங்கள் அன்றாடம் காணும் வெற்றுமனைகளின் நிறம். பனி என்று பெயர் சொல்ல மரநிழல்களில்கூட ஒரு பிடி இல்லை. எங்கள் இளைய மகன் தன் பெரிய காலணிகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதை எதுக்குப் போட்டோம்?" என்றான்.

காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள்களைச் சில்லை கலான் என்பர். நம் கத்திரி வெயிலுக்கு நேர்மாறாக அமைந்த கடுங்குளிர்க் காலம் அது. அந்த நாள்களில் விழும் பனியே இறுகி நிலைக்கும். கோடையில் மெல்ல உருகி ஓடைகளையும் ஜீலம் ஆற்றையும் நிறைக்கும். ஆப்பிள் தோட்டங்களையும் குங்குமப்பூ வயல்களையும் வாழ்விக்கும். பின்னால் விழும் பனி விரைவில் கரைந்துவிடும். மத்தியதரைக்கடற் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வரும் ஈரக்காற்றுச் சுழல்களே அப்பனியைக் கொணர்கின்றன. அந்த ஆண்டு அவை உரிய காலத்தில் வலுவாக வந்துசேரவில்லை. எனவே சில்லை கலானின் பெரும்பகுதி வறண்டே கழிந்திருந்தது. மழை மறுத்தால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறிச்சென்றார். பனி மறுத்தாலும் ஒரு நிலம் பாலையாகும் என்பதை நாங்கள் அன்று கண்டோம்.

பலகை இழுப்போர் புல்வெளியின் ஓரத்தில் தம் பலகைகளை அடுக்கி, அவற்றின்மேல் தாமே அமர்ந்திருந்தனர். தொளதொளப்பான நெடிய அங்கிக்குள் கணப்புச்சட்டியை வைத்து அணைத்துக்கொண்டு மலையுச்சியை நோக்கியிருந்தனர். எங்களை ஒருவரும் அழைக்கவில்லை. அழைத்தால் மறுப்பதென்று உறுதி பூண்டு வந்த நாங்கள், யாரேனும் ஒருவர் அழைக்கமாட்டாரா என்று ஏங்கியபடி அவர்களைக் கடந்து சென்றோம்.

பயிற்சியாளர் எங்களுக்காகக் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், வெயிலும் காற்றும் கன்றவைத்த முகம். பிள்ளைகளின் தாயார் இந்திப் பிரசார சபைத் தேர்வுகள் எழுதியவர். ஆதலால் பேச்சு அவர் வழியே நடந்தது. அவர் முதலில் செய்த காரியம், சட்டைப்பையிலிருந்து 2,000 ரூபாயை எடுத்து நீட்டியதுதான். "பாய், இருக்கட்டும். நீங்களா பனியைத் தடுத்தீர்கள்?" என்றோம். "பனி இல்லை, வேலை இல்லை, வேலை செய்யாத காசு வீட்டுக்கு ஆகாது" என்றார். நாங்கள் வாங்க மறுத்தோம். அவர் வைத்துக்கொள்ள மறுத்தார். சிறிது நேரம் அந்த நான்கு தாள்கள் எங்கள் கைகளுக்கிடையே போய்வந்தன. முடிவில் வழி கண்டவள் மகள். "பனி இல்லாவிட்டால் என்ன அங்கிள், புல்லிலே கற்றுக்கொடுங்கள்" என்றாள். அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

பனிச்சறுக்குப் பள்ளியில் முதற்பாடம் ஓடுவதன்று, விழுவது. பின்புறமாக விழாதே; பக்கவாட்டில் சாய்ந்து இடுப்புப் பக்கம் தரையில் படும்படி விழு. கைக்கோல்களை உடலுக்கடியில் சிக்கவிடாதே. எழும்போது இரண்டு சறுக்குப் பலகைகளும் சரிவுக்குக் குறுக்காக இருக்கட்டும். இல்லையேல் எழுமுன்னே மீண்டும் வழுக்கிச் செல்வாய். காய்ந்த புல்வெளியில் எங்கள் பிள்ளைகள் இருவரும் மாறிமாறி விழுந்தார்கள், எழுந்தார்கள். கடிவாளம் போட்டாற்போல் கணுக்காலை இறுக்கும் கனத்த காலணியோடு நடக்கப் பழகவே அரைமணி நேரமாயிற்று.

இரண்டாம் பாடம் நிற்பது. பலகைகளின் முன்முனைகள் நெருங்கவும் பின்முனைகள் அகலவும் கால்களைப் பரப்பி, குதிகால்களை வெளித்தள்ளி அழுத்தவேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் பனிக்கலப்பை என்றாகும். மூன்றாம் பாடம் திரும்புவது. வலப்பக்கம் திரும்ப இடக்காலில் பாரத்தை வைக்கவேண்டும். இடப்பக்கம் திரும்ப வலக்காலில். நாம் போகவிரும்பும் திசைக்கு எதிர்க்காலை ஊன்றினால்தான் அத்திசையில் போகமுடியும் என்பது எங்களுக்குப் புதுமையாக இருந்தது.

கலப்பை என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தந்தையார் நினைவுக்கு வந்தார். ஊத்தங்கரைப் பக்கத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் வானம் பார்த்த பூமி இருந்தது. சாமையும் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்த மண். அடுத்தடுத்து இரண்டாண்டுகள் மழை பொய்த்தபின், ஏரைப் பரணில் ஏற்றிவிட்டு அவர் பெங்களூருக்கு இரயிலேறினார். விதைப்புக் கூலிக்கென்று பிறரிடம் முன்பணமாக வாங்கியிருந்த சிறு தொகையை, விதைப்பே நடவாததால், புறப்படும் நாளன்று நடந்துபோய்த் திருப்பிக்கொடுத்துவிட்டு வந்தாராம். "அந்தக் காசு இருந்திருந்தால் முதல் மாதம் பட்டினி கிடந்திருக்கவேண்டாம்" என்று எங்கள் தாயார் குறைகூறுவதைக் கேட்டே வளர்ந்தோம். தந்தையார் அதற்கு ஒருநாளும் விடை சொன்னதில்லை. அந்த விடை எங்களுக்குக் குல்மர்க்கில் கிடைத்தது.

மறுநாள் கம்பிவட ஊர்தியில் ஏறினோம். அதன் முதற்கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் தொடங்கின. இரண்டாம் கட்டம் அபர்வத் மலைமேல் 4,000 மீட்டரை நெருங்கும் உயரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. அங்கே பாறையிடுக்குகளில் பழைய பனி சிறிது எஞ்சியிருந்தது. கண்ணாடித் துண்டுபோல் இறுகி, தூசு படிந்து கிடந்தது. மகன் அதனைத் தொட்டு, நாவில் வைத்து, "நம் வீட்டு ஐஸ்பெட்டியில் உள்ளதுபோலத்தான் இருக்கிறது" என்று தீர்ப்பளித்தான். உடன்வந்த பயிற்சியாளர் மேற்குத் திசையைக் கைகாட்டி, மேகம் அங்கிருந்துதான் வரவேண்டும் என்றார். அப்படி அவர் கண்ணைச் சுருக்கி நோக்கிய விதத்தை நாங்கள் முன்பே அறிவோம். ஊத்தங்கரைத் திண்ணையில் எங்கள் பாட்டனார் ஆடிமாதத்தில் அப்படித்தான் நோக்குவார்.

விடுப்பு முடிந்தது, பனியைக் காணாமலே திரும்பினோம். நாங்கள் தில்லி வந்து இரயிலேறியபின், அந்த மாத இறுதியில், குல்மர்க்கில் பனி கொட்டத் தொடங்கியது. பயிற்சியாளர் அனுப்பிய காணொளி நடுவழியில் எங்களை எட்டியது. புல்லும் பலகைகளும் வேலிகளும் வெள்ளைக்குள் மூழ்கிக்கொண்டிருந்தன. காட்சியின் முடிவில் பலகை இழுப்போர் சிரித்துக்கொண்டு ஓடினர். மகள் அழுதாள், ஏமாற்றத்தினால் என்று எண்ணினோம். "அவங்களுக்கு வேலை வந்துடுச்சு அப்பா" என்றாள்.

ஊர் திரும்பினால், வறட்சி இங்கே எங்களுக்காகக் காத்திருந்தது. முந்திய ஆண்டு பருவமழை பொய்த்ததன் விளைவு மார்ச்சுத் திங்களில் பெங்களூரைத் தாக்கியது. நகரின் ஏறத்தாழ 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டன என்று முதலமைச்சரே அறிவித்தார். குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்றனர். எங்கள் தெருவிலும் விடியற்காலையில் குடங்கள் வரிசையில் நின்றன. தண்ணீர் லாரியின் ஒலிகேட்டு மாடிகளில் விளக்கெரிந்தது. ஏப்ரல் மாதம் முழுவதும் ஒரு துளியும் விழவில்லை. வானத்தை நோக்கி வாழும் வாழ்வை ஊரிலேயே விட்டுவந்துவிட்டோம் என்று இரண்டு தலைமுறையாக எண்ணியிருந்தோம். குழாய் என்பது நீண்டதொரு கயிறு. அதன் மறுமுனை வானத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மறந்திருந்தோம். வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தது வேறு எதற்காக?

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுது. காற்று புழுதியை வாரி எறிந்தது. பின்பு பெருந்துளிகள் விழுந்தன. ஜீவனஹள்ளித் தெரு முழுவதும் வாசலுக்கு வந்து நின்றது. தமிழும் கன்னடமும் உருதுவும் பேசும் பிள்ளைகள் ஒரே கூச்சலாக நனைந்தனர். மகள் அதனைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பயிற்சியாளருக்கு அனுப்பினாள். சிறிது நேரத்தில் அவரிடமிருந்து ஒரே சொல் வந்தது: முபாரக்.

இன்றும் அவரோடு தொடர்பு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகள் பனிக்குறைவால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அடுத்த ஏப்ரலில் பஹல்காமில் 26 உயிர்கள் பறிக்கப்பட்ட கொடுமைக்குப்பின் பயணியர் வருகை வீழ்ந்தது. பனி இருந்தும் ஆள் வராத வறட்சி ஒன்று உண்டு என்பதை அவர் அப்போது எங்களுக்குச் சொன்னார். அவரிடமே இருக்கும் அந்த 2,000 ரூபாயைப் பற்றி ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறார். புல்லில் கற்பித்தது கணக்கில் சேராதாம். பனியில் இரண்டு நாள் இன்னும் பாக்கி இருக்கிறதாம்.

அடுத்த பயணச் சலுகை எப்போது என்று நாங்களும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இம்முறை பலகை இழுப்பவர் அழைத்தால் என்ன செய்வது என்ற பேச்சு வீட்டில் மீண்டும் எழுந்தது. ஏறி அமர மனம் இன்னமும் ஒப்பவில்லை. அவர் கூலியை மறுக்கவும் மனம் ஒப்பவில்லை. "பலகையில் நம் பெட்டியை வைத்து இழுக்கச் சொல்லலாம், நாம் பக்கத்திலே நடந்து போகலாம்" என்கிறான் மகன். அப்படியே செய்வதென்று இருக்கிறோம்.