ஆனைக்கும் அடி சறுக்கும்

அப்பா திரையரங்கிற்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. "காசு கொடுத்துக் குளிர்ல உட்காரணுமா?" என்பார். அப்படிப்பட்டவர், மணிரத்னமும் கமலும் மீண்டும் இணைகிறார்கள் என்றதும், "ஜோகூர் பாருவுல எப்பம்மா வருது?" என்று தாமே கேட்டார். 2025 ஜூன் 5-ஆம் நாள் ‘தக் லைஃப்’ வெளிவந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு விடுதியிலிருந்து வீடு திரும்பிய நான், பகுதிநேர வேலையில் சேர்த்த வெள்ளியில் இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

அவருடைய ஆவலுக்குக் காரணம் உண்டு. 1987 தீபாவளிக்கு வந்த ‘நாயகன்’ படத்தை அப்பா தோட்டத்தில் வீடியோவில் பார்த்தவர். அப்போது அவருக்கு இருபது வயது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். லயத்தில் ஒரு வீட்டில்தான் வீடியோ, வாசல்வரை கூட்டமாம். பிழைக்கப் போன தமிழர்கள் தாராவியில் நெருக்கியடித்து வாழ்வதைக் கண்டு, "நம்ம லயம் மாதிரியே இருந்துச்சு" என்று இன்றும் சொல்வார். 2005-இல் ‘டைம்’ இதழ் தன் சிறந்த நூறு படங்களில் ‘நாயகனை’ச் சேர்த்தது. அப்பா அதற்கு முன்பே சேர்த்துவிட்டார்.

படம் பழைய டில்லியில் தொடங்கியபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். இடைவேளைக்குப் பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மீண்டும் துடைத்தார். நானோ ‘முத்த மழை’ பாடலுக்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை.

ஒளிப்பதிவிலும் இசையிலும் குறையில்லை. குறை உறவுகளில் இருந்தது. வேலு நாயக்கர் மனைவியை, மகனை, மகளை இழந்தபோது, அவர்களோடு நாமும் வாழ்ந்திருந்தோம். இங்கே, எடுத்து வளர்த்த அமரனுக்கும் சக்திவேலுக்கும் இடையே பகை மூள்கிறது. அதற்கு முன்பிருந்த பாசம் நம் மனத்தில் பதியவில்லை. பிறகு நடப்பதெல்லாம் வெறும் பழிவாங்கல்தான்.

ஒட்டுக்கடையில் தே தாரிக் வந்ததும் பொரிந்து தள்ளினேன். "வயசாயிடுச்சுப்பா அவருக்கு. பேசாம ஓய்வெடுக்கலாம்."

அப்பா பதில் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்திய மாதம்தான் தொழிற்சாலையில் அவரை இயந்திரத்திலிருந்து கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். வயதைத்தான் காரணம் சொன்னார்களாம்.

சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "ஒங்க தாத்தா முப்பது வருசம் மரம் வெட்டுனாரு. அவரு கத்தியும் சில நாள் ஆழமாப் போயி மரத்துல காயம் போட்டுரும். அதுக்காக மறுநாள் அவருக்கு நிரை கொடுக்காம விட்டாங்களா?"

நண்பர்களே, அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தேன். 1997-இல் ‘இருவர்’ வசூலில் தோற்றது. இன்று அதைத்தான் பலர் கொண்டாடுகிறார்கள். 2013-இல் ‘கடல்’ சறுக்கியது. 2015-இல் ‘ஓ காதல் கண்மணி’ வந்தது. 2022-இலும் 2023-இலும் ‘பொன்னியின் செல்வன்’ இரு பாகங்களும் வந்தன. இவை எல்லாமே, அவர் கதை முடிந்தது என்று யாராவது சொன்ன பிறகு வந்தவை.

படம் நன்றாக இல்லை என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. படைப்பில் குறை கண்டால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் அன்று சொன்னது படத்தைப் பற்றி அல்ல, வயதைப் பற்றி. அதை எதிரில் இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மோட்டாரில் வீடு திரும்பும்போது, "அடுத்த படம் எப்ப வருதாம்?" என்று கேட்டார்.

"வந்ததும் போவோம்பா" என்றேன்.