காட் ரோடும் ஈரத்துணியும்

மும்பையிலிருந்து புனே போகும் பழைய நெடுஞ்சாலை, கோபோலியைத் தாண்டியதும் செங்குத்தாகிவிடுகிறது. மேலே லோனாவாலாவுக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்குள் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தைத் தொட்டாக வேண்டும். இதுதான் போர்காட். 1830ல் பம்பாய் கவர்னர் ஜான் மால்கம் திறந்து வைத்த பாதை. ரயில் 1863ல் ஏறியது.

பாதி வழியில் ஷிங்ரோபா கோயில். மலையில் வழி காட்டிய ஆட்டிடையரை, வேலை முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்பது இங்கே சொல்லப்படும் கதை. டிரைவர்கள் ஓடும் வண்டியிலிருந்தே காசை வீசிவிட்டுப் போகிறார்கள். பக்தி குறைவு என்பதல்ல. ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி மறுபடி கிளம்புமா என்ற பயமும் உண்டு.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பிரீமியர் பத்மினி காலத்தில் (மும்பைவாசிகளுக்கு அது கடைசி வரை ஃபியட்தான்) கார்கள் இரண்டாவது கியரில் முனகியபடி காட் ஏறும். வேகம் குறைவு, ரேடியேட்டருக்குக் காற்று போதாது. ஆனால் வில்லங்கம் ஏறும்போது வராது. மேலே கண்டாலாவில் நிறுத்தி, வடாபாவும் டீயும் முடித்து, சாவியைத் திருப்பும்போதுதான் வரும். இன்ஜின் சுற்றும், பிடிக்காது.

இன்ஜினை அணைத்ததும் ஃபேனும் தண்ணீர் பம்பும் நின்றுவிடுகின்றன. இரும்பில் தேங்கிய சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. அதனால் அடுத்த பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு பானெட்டுக்குள் ஓடும்போது இருந்ததைவிடச் சூடு கூடுகிறது. பெட்ரோலில் இலேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஃபியட்டில் பெட்ரோல் பம்ப் இன்ஜினின் உடம்பிலேயே ஒட்டியிருந்தது. குழாயில் திரவத்துக்குப் பதில் குமிழிகள் நிறைந்தால் பம்பு வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘ஏர் லாக்’ என்பார்கள். அடைப்பது காற்றல்ல, பெட்ரோல் ஆவி. தமிழில் ஆவி என்றால் உயிரும்கூட என்பதால், ‘ஆவி அடைத்துவிட்டது’ என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் வேறு மாதிரி பதறக்கூடும்.

பரிகாரம் ஈரத்துணி. பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் நனைத்துப் போட்டால் சிறிது நேரத்தில் ஆவி மீண்டும் திரவமாகும். வண்டி கிளம்பும்.

எல்லா நேரமும் அல்ல. கோபோலியில் பல வருடங்களாக ஸ்பானர் பிடிக்கும் ஒரு மெக்கானிக், “துணி போடுவதற்கு முன்னால் மோந்து பாருங்கள், சாப்” என்கிறார். காரணம், இதே சூடு நேர் எதிரான நோயையும் தரும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் வழிந்துவிட்டால் பெட்ரோல் கூடிப்போகும். வாடை மூக்கைத் துளைக்கும். அப்போது ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். விட்டு விட்டு அமுக்கினால் பெட்ரோல் இன்னும் சேரும். வாடையும் இல்லை, பெட்ரோலும் வருகிறது என்றால் அடுத்து பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பார். பழைய இக்னிஷன் காயில் சூட்டில் சோர்ந்துபோய், ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்யும். இன்ஜின் சுற்றவே இல்லை, ‘டிக்’ சத்தம் மட்டும் என்றால் குற்றவாளி பேட்டரி டெர்மினல் அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார். பெட்ரோலைத் தேடிப் பயனில்லை.

2000 வாக்கில் கார்புரேட்டர் விடைபெறத் தொடங்கியது. 2002ல் ஆறு வழி எக்ஸ்பிரஸ்வே முழுமையாகத் திறந்தது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இன்றைய காரில் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது, அழுத்தத்தோடு தள்ளுகிறது. ஆவி அடைப்பது அபூர்வம். பானெட்டில் ஈரத்துணி போட்டால் இப்போது சிரிப்பார்கள்.

ஆனால் சூட்டில் கிளம்பாத கார் ஒழிந்துவிடவில்லை. கிராங்க்‌ஷாஃப்ட் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் சின்ன சென்சார் ஒன்று இருக்கிறது. வயதானால் சூட்டில் ஊமையாகிவிடும். அது பேசாவிட்டால் கம்ப்யூட்டர் பொறியும் தராது, பெட்ரோலும் தராது. இன்ஜின் திடமாகச் சுற்றும்போதும் ஆர்.பி.எம். முள் அசையாமல் கிடந்தால் பல கார்களில் சந்தேகம் இதன் மேல்தான். அரைமணி ஆறினால் கிளம்பிவிடும்; ஒர்க் ஷாப் போய்ச் சேரும்போது ஒரு குறையும் காட்டாது. கோபோலிக்காரர் சந்தேகம் வந்தால் சென்சார் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்க்கிறார். உடனே கிளம்பினால், மாற்ற வேண்டியது எது என்று தெரிந்துவிடும். துணி போனது, தண்ணீர் போகவில்லை.

பழைய ரோட்டில் நின்றுபோன வண்டிக்குப் பின்னால் வருபவர்கள் திட்டுவார்கள், சிலர் இறங்கித் தள்ளுவார்கள். எக்ஸ்பிரஸ்வேயின் காட் பகுதியில் அந்த அவகாசம் கிடையாது. நிற்கும் வண்டியைப் பின்னால் வரும் லாரி பார்ப்பதற்குள் மோதிவிடலாம். எனவே முள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஓட்டம் இருக்கும்போதே இடது ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. அபாய விளக்கைப் போட்டு, முக்கோணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, குழந்தைகளோடு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். உதவிக்கு 112. கார் ஆறுவதற்கு எப்படியும் அரைமணி ஆகும்.