திரையன் ஏரிக் கரையிலே

வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் செல்லும் சாலையில் இருக்கிறது தென்னேரி என்னும் கிராமம். காஞ்சீபுரம் ஜில்லாவின் பெரிய ஏரிகளுள் ஒன்று இவ்வூர் ஏரி. மார்கழி மாதத்துக் கடைசியில் ஒரு நாள் காலை நாம் அதன் கரைமீது ஏறி நின்றோம். நீர் நிரம்பியிருந்தது. காற்று வீசும்போதெல்லாம் சின்னஞ்சிறு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கரையைத் தொட்டு மறைந்தன.

அந்தத் திரை என்னும் சொல்லிலேதான் இவ்வூரின் சரித்திரம் அடங்கியிருக்கிறது. திரையன் ஏரி என்பதே நாளடைவில் தென்னேரி என மருவியது என்று அறிஞர் கூறுவர். காஞ்சியிலிருந்து அரசாண்டவன் தொண்டைமான் இளந்திரையன். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். கடல் திரை கொண்டுவந்து சேர்த்த குழந்தையாதலால் திரையன் எனப் பெயர் பெற்றான் என்பது பழங்கதை. திரை என்றால் அலை. தோலில் விழும் சுருக்கத்துக்கும் அதுவே பெயர். நரை, திரை, மூப்பு என்று நாம் வரிசையாகச் சொல்வதில்லையா? இளமையும் திரையும் ஒரே அரசனின் பெயரில் அருகருகே அமைந்திருப்பதை எண்ணி வியந்தவாறே கரையைவிட்டு இறங்கினோம்.

கீழே கழனியில் நவரைப் பட்டத்துக்கு நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் ஒரு பெரியவரும், பட்டணத்தில் படிக்கும் அவருடைய பேரனும் நின்றிருந்தார்கள். பையன் ஒரு முடியைக் கையில் தூக்கிக்கொண்டு, "தாத்தா, இந்த நெல்லுக் கன்றை எங்கே வைக்கிறது?" என்றான்.

பெரியவர் சிரித்தார். "கன்று இல்லேடா கண்ணு. வாழைன்னா கன்று, தென்னைன்னா பிள்ளை. நெல்லுக்கு நாத்துன்னுதான் சொல்லணும்."

நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொல்காப்பியர் மரபியலில் இதையே அல்லவா விதித்திருக்கிறார்! இளமையைக் குறிக்கும் பெயர்கள் ஒன்பது என்று எண்ணிச் சொன்ன அவர், பிள்ளை, கன்று முதலியவற்றை மரஞ்செடிகளுக்கும் வழங்கலாம் என்கிறார். நெல்லையும் புல்லையும் மட்டும் அவ்வழக்கிலிருந்து விலக்கிவிடுகிறார். அந்த நூலை ஏட்டிலும் அச்சிலும் கண்டிராத ஓர் உழவர், வரப்பில் நின்றுகொண்டு அதே விதியைப் பேரனுக்குப் போதிக்கிறார்!

"ஐயா, நாற்று வளர்வதை எப்படியெல்லாம் சொல்வீர்கள்?" என்று கேட்டோம்.

"வேர் பிடிக்கும், தூர் கட்டும், சூல் பிடிக்கும், கதிர் வாங்கும், பால் பிடிக்கும். அப்புறம் முத்தித் தலை சாயும்" என்று விரல்விட்டு எண்ணினார். சூலும் பாலும் தாய்க்கும் சேய்க்கும் உரிய சொற்கள். பயிரின் வளர்ச்சியைச் சொல்ல நம் முன்னோர் தம் வீட்டிலிருந்தே சொற்களை எடுத்துக்கொண்டார்கள். மனிதனின் முதிர்ச்சியைச் சொல்லவோ தோட்டத்துக்குப் போனார்கள். குழந்தையைப் பிஞ்சு என்கிறோம். வயதேறிய அறிஞரைப் பழுத்தவர் என்கிறோம்.

இச்சொற்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. இள, முது என்பவற்றோடு 'மை' சேர்ந்தால் இளமை, முதுமை. முது என்பது ஊர் என்பதோடு சேரும்போது முதலெழுத்து நீண்டு மூதூர் ஆகிறது. மூத்தல், முதிர்தல், நரைத்தல், பழுத்தல் என்று வயதேறுவதற்கு வினைச்சொற்கள் பல உண்டு. மீண்டும் இளமை எய்துவதற்கு அப்படித் தனி வினை ஒன்று வழக்கில் இல்லை. காலம் திரும்பி நடப்பதில்லை என்பதை மொழியும் அறிந்திருக்கிறது போலும்! கிழவன் என்று இன்று நாம் சற்று அலட்சியமாகச் சொல்கிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்கு உரியவன், தலைவன் என்று பொருள். கிழமை என்றால் உரிமை.

விடைபெறும் சமயம் பெரியவர் சொன்னார்: "எனக்கப்புறம் இந்தக் கழனியிலே இறங்க ஆள் இல்லீங்க. பையன் கம்பெனி வேலைக்குப் போறான். இந்தப் பேச்செல்லாம் யார் பேசப் போறாங்க?"

இந்தக் கவலை உலகின் மறு கோடியிலும் உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் க்ளமத் நதிக்கரையில் யூரோக் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த கடைசி முதியவர்களுள் ஒருவர் 2013-ல் காலமானார். இன்று அவர்களுடைய பேரக் குழந்தைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்து மீட்க முயல்கிறார்கள். கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு அந்த நிலை இல்லை என்று நேயர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆயினும் மொழி முழுவதும் ஒரே நாளில் அழிவதில்லை. தொழிலை விட்டவுடன் அத்தொழிலின் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. நெல்லைச் 'செடி' என்று சொல்லும் தலைமுறை வந்துவிட்டால், தொல்காப்பியரின் விதி ஏட்டிலே மட்டும் தங்கும்.

நாம் சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தோம். பையன் சேற்றில் இறங்கிவிட்டான். "தாத்தா, நாத்து போதலே! இன்னொரு முடி போடுங்க!" என்று அவன் கூவியது ஏரிக்கரை வரையில் கேட்டது. பெரியவரின் முகத்தில் இருந்த திரைகள் அத்தனையும் ஒரு கணம் சிரித்தன.