இடுப்பில் அரை கிலோ

துப்பாக்கி வாங்கப் போகிறவரிடம் முதலில் நல்ல பெல்ட் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். டெக்சஸ் போகும்வரை எனக்கு இது தெரியாது. சாதாரண பெல்ட் அந்தக் கனத்துக்குத் தொய்ந்துவிடுமாம். தொய்ந்தால் சட்டைக்கு வெளியே துருத்தித் தெரியும். காலையில் மாட்டியது மாலைக்குள் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். "சுடிதாருக்கு பெல்ட்டுக்கு எங்கே போறது?" என்று அக்கா கேட்டார். இருவரும் சிரித்தோம். அந்தப் பயணத்தில் இந்த விஷயத்துக்காகச் சிரித்தது அநேகமாக அந்த ஒரு முறைதான்.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். கிள்ளானில் ஒரே வீட்டில் வளர்ந்தோம். இப்போது ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் தாதி. அத்தானுக்குக் கடல் எண்ணெய் மேடையில் வேலை. இரண்டு வாரம் கடலில் இருப்பார், இரண்டு வாரம் வீட்டில். மகளுக்கு நான்கு வயது. போன வருடக் கடைசியில் வானொலியில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் அங்கே போனபோது அக்கா சொன்ன முதல் செய்தி இதுதான்: "துப்பாக்கி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடாதே."

காரணம் இருந்தது. ஓர் இரவு வேலை முடிந்து அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நடந்தபோது இருவர் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். அக்கா வேகமாக நடந்தால் அவர்களும் வேகமாக, நின்றால் அவர்களும் நின்று. காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஒண்ணும் நடக்கலடி" என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை என்றால் மூன்று முறை சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு இது அந்நியமான பேச்சு. மலேசியாவில் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. சிங்கப்பூரில் ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலே, குண்டு யார் மேலும் படாவிட்டாலும், மரண தண்டனை. டெக்சஸிலோ 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடம்பில் மறைத்து எடுத்துப் போகலாம். நிரந்தரவாசத் தகுதி உள்ள அக்காவும் வாங்கலாம். சுற்றுலா விசாவில் போன நான் வாங்குவது இருக்கட்டும், சில விதிவிலக்குகள் தவிர, கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். அதனால் நான் எழுதும் எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவை. ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கடையில் அக்காவைப் பார்த்ததுமே விற்பனையாளர் எடுத்து வைத்தது இருப்பதிலேயே சின்னது. பெண் என்றால் சின்னது என்று அவருக்கு ஒரு கணக்கு. உள்ளங்கைக்குள் அடங்கிய, 300 கிராம்கூட வராத, பாயின்ட் 380 ரகத் துப்பாக்கி அது. ஜீன்ஸ் பையில் போட்டாலும் தெரியாது. அக்காவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சுடும் கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகு பிடிக்கவில்லை. கனமான துப்பாக்கி பின்னடிப்பு வேகத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். எடை குறையக் குறைய அந்த உதை முழுவதும் கையில்தான் இறங்கும். பிடி குட்டையானதால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. குழல் குட்டையானதால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே தூரம் குறைவு. கை இம்மி அசைந்தாலும் இலக்கில் அது பெரிய விலகலாகத் தெரியும். பத்துத் தோட்டாவுக்குள் அக்காவின் கட்டைவிரல் அடி சிவந்து போயிருந்தது.

பிறகு கிளாக் 19. கச்சிதம் என்ற வகையில் பலரும் இதைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். 1988இல் வந்தது. 9 மில்லிமீட்டர், 15 தோட்டா, காலியாகவே 600 கிராமுக்கு மேல். அக்கா வைத்த குறி அழகாக விழுந்தது. ஆனால் அதை இடுப்பில் வைத்து மெல்லிய சட்டை போட்டால் எல்லாருக்கும் தெரியும். தாதியர் சீருடையின் நாடாக் கால்சட்டையில் நிற்கவே நிற்காது. சுடச் சுகமானது மறைக்கச் சிரமம், மறைக்கச் சுலபமானது சுடச் சிரமம். தேர்வு என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான்.

2018இல் சிக் சாவர் நிறுவனம் பி365 என்று ஒன்றை விட்டதிலிருந்து அந்த நடு இடம் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. ஓர் அங்குலத் தடிமன், 500 கிராம் சொச்சம், 10 தோட்டா. அதற்குமுன் அந்த அளவில் ஆறேழு தோட்டாதான் வழக்கம். இப்போது மற்ற நிறுவனங்களும் அதே வழியில். இங்கே இன்னொரு சிக்கல்: சின்னத் துப்பாக்கிகளில் மேல் சட்டத்தைப் பின்னுக்கு இழுக்க அதிக பலம் வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் சுருள்வில் விறைப்பானது. இழுக்க முடியாத துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அக்கா கடையில் 20 முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் சரி என்றார். விற்பனையாளர் பொறுமையிழந்தது முகத்தில் தெரிந்தது. அக்கா கவலைப்படவில்லை. கிள்ளான் சந்தையில் மீன் வாங்கிய பழக்கம்.

உரிமம் கட்டாயமில்லை என்றாலும் அக்கா அதற்கான வகுப்பில் சேர்ந்தார். நான்கிலிருந்து ஆறு மணி நேரப் பாடம், பிறகு 50 தோட்டா சுட்டுக் காட்டும் தேர்வு: 3 கெஜம், 7 கெஜம், 15 கெஜத் தூரங்களில். பாடத்தின்போது பின்வரிசையில் உட்கார எனக்கும் அனுமதி கிடைத்தது. எப்படிச் சுடுவது என்பதைவிட எப்போது சுடக்கூடாது, சண்டையைப் பேசி எப்படித் தணிப்பது, வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. பயிற்றுநர் ஐம்பது வயது தாண்டிய பெண்மணி. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினை. அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே. குறி வைக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்குக்குப் பின்னால் யார், என்ன என்று தெரிந்துகொள். இந்த நான்கையும் வகுப்பு முழுவதும் திருப்பாடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இறக்கும் முறையிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும் (நீங்கள் கையில் வைத்திருக்கும் மேகசின் அல்ல, தோட்டா அடுக்கு). அதன் பிறகே மேல் சட்டத்தை இழுத்து அறையில் உள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டும். மாற்றிச் செய்தால், வெளியே விழுந்த தோட்டாவின் இடத்துக்கு அடுக்கிலிருந்து இன்னொன்று ஏறிவிடும். மேகசினையும் கழற்றிவிட்டதால் காலி என்று நினைப்போம். "காலியான துப்பாக்கிதான் நிறைய பேரைச் சுட்டிருக்கு" என்றார் பயிற்றுநர்.

அவர் துப்பாக்கியைவிட அதிகம் பேசியது உறையைப் பற்றி. கிளாக் போன்றவற்றில் கட்டைவிரலால் தள்ளிவிடும் தனிப் பூட்டு பொதுவாக இருக்காது. விசையை அழுத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான். எனவே விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை இல்லாமல் அதை உடம்பில் வைக்கக்கூடாது. கைடெக்ஸ் என்ற கெட்டி நெகிழியில் அந்தந்த மாடலுக்கு அச்சு எடுத்துச் செய்கிறார்கள். பழைய தோல் உறை நைந்து உள்பக்கம் மடிந்தால் அந்த மடிப்பே விசையை அழுத்திவிடலாம். மேலங்கியின் தொங்கும் கயிறுகூடப் போதும். துப்பாக்கியை வெளியே எடுக்க வேகம் தேவைப்படலாம், உள்ளே வைக்க எந்த அவசரமும் இல்லை, கண்ணால் பார்த்து மெதுவாக வை என்பது அவர் கட்டளை.

கைப்பையில் வைக்கலாமா என்று அக்கா கேட்டார். பை பறிப்புக்குப் பயந்து, சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் பையை மாட்டியே வளர்ந்தவர்கள் நாங்கள். பறிபோகும் முதல் பொருளுக்குள்ளேயே துப்பாக்கியா என்று எனக்குத் தோன்றியது. பயிற்றுநர் வேறொரு காரணம் சொன்னார். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பேரங்காடியில், பொருள்களோடு தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த 2 வயது மகன் தாயின் கைப்பைக்குள் கைவிட்டான். உள்ளே துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை உள்ள பை அது. குண்டு பாய்ந்து தாய் அங்கேயே இறந்தார். வகுப்பில் அமைதி. அக்கா தன் பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். அதில் இருந்தது மகளின் பிஸ்கட் டப்பாவும் ஈரத்துணியும்தான்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் என்ன செய்வது என்பது தனிப் பாடம். உள்விளக்கைப் போடு, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் தெரியட்டும், உரிம அட்டையைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைக்காதே. எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். அக்கா எழுதவில்லை. வெளியே வந்ததும் ஃபிலாண்டோ காஸ்டில் பெயரைச் சொன்னார். மினசோட்டாவில் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை செய்த கறுப்பினத்தவர், உரிமம் பெற்றவர். 2016 ஜூலை 6 அன்று வண்டியை நிறுத்திய அதிகாரியிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னார். சில வினாடிகளில் சுடப்பட்டு இறந்தார். காரில் அவர் தோழியும் அந்தப் பெண்ணின் 4 வயது மகளும் இருந்தார்கள். அதிகாரியை நடுவர் குழு மறு ஆண்டு விடுவித்தது. "அந்த வகுப்புல சொல்லிக் கொடுத்தது எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமாடி?" என்று அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒலிவாங்கி முன்னால் தினமும் நான்கு மணி நேரம் பேசுகிறவள் நான்.

ஆனால் அக்காவை உண்மையில் யோசிக்க வைத்தது வேறு. டெக்சஸில் கடைக் கதவுகளில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓர் அங்குல எழுத்தில் பலகைகள் இருக்கும்: இங்கே துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று. மதுக்கூடங்களில் சிவப்பில் 51 சதவீதம் என்று போட்டிருக்கும், வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வருகிறது, எனவே இங்கேயும் கூடாது என்று பொருள். அக்காவின் மருத்துவமனை வாசலிலும் அப்படி ஒரு பலகை. மாநிலச் சட்டப்படி ஊழியர் தன் சொந்தக் காரில் பூட்டி வைத்துக்கொள்ளலாம், கட்டடத்துக்குள் எடுத்துப் போக முடியாது.

ஒரு மாலை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்கா இதைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். இது வாசல், இது கார், நடுவில் ஆறு நிமிட நடை. பயம் இருக்கும் இடம் அந்த ஆறு நிமிடம். துப்பாக்கி இருக்கும் இடம் கார். "நான் பத்திரமா கார்ல ஏறின பிறகுதான் அது என்னைக் காப்பாத்தும்" என்றார். போதாததற்கு, ஒவ்வொரு வேலை நாளும் காருக்குள் குனிந்து அதைக் கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு தவறுக்கு வாய்ப்பு. அதனால்தான் கழற்றினால் துப்பாக்கியை மட்டும் உருவாமல் உறையோடு சேர்த்துக் கழற்றி, இருக்கைக்கு அடியில் கம்பி வடத்தால் கட்டிய பெட்டியில் பூட்டச் சொல்கிறார்கள். கார்களில் இருந்து துப்பாக்கி திருடுபோவது அங்கே சாதாரணம். வெறும் டாஷ்போர்டு அறையில் வைப்பது திருடனுக்கு ஆயுதம் கொடுப்பதுதான்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார். ஏறக்குறைய பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, ஆள் நடமாட்டம் உள்ள மாமாக் கடைக்கு நள்ளிரவில் தேத்தண்ணீர் குடிக்கப் போகிறவள் வேண்டாம் என்று சொல்வது சுலபம் என்பது அவர் பார்வையில் இருந்தது. நியாயம்தான். என் கருத்து அப்போதும் மாறவில்லை, இப்போதும் மாறவில்லை.

நான் திரும்பி வந்த மாதம் அக்கா பி365 வாங்கினார். வேலைக்கு எடுத்துப் போவதில்லை. இரவு வேலை முடிந்தால் பாதுகாவலரைக் கூப்பிட்டுக் கார் வரை துணைக்கு வரச் சொல்கிறார். கேட்டால் வருகிறார்கள். முன்பு கேட்கக் கூச்சப்பட்டாராம். அத்தான் கடலில் இருக்கும் வாரங்களில், நெடுந்தூரம் கார் ஓட்டும் நாள்களில் மட்டும் கெட்டி பெல்ட், கைடெக்ஸ் உறை, தளர்ந்த சட்டை. மற்ற நேரம் படுக்கை அறை அலமாரியில் திருகி இறுக்கிய பெட்டிக்குள் இருக்கிறது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி விட்டால் டெக்சஸிலும் குற்றம்தான்.

இதை எழுதலாமா என்று கேட்டபோது, "இரு, முதல்ல அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றார் அக்கா. காணொளி அழைப்பில் சொன்னார். நானும் பெரியம்மா பக்கத்தில் இருந்தேன். திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தோம். பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "புள்ள கைக்கு எட்டுமா?" என்றார். அக்கா பெட்டியைக் காட்டினார்.

"சாவி எங்க வெச்சிருக்கே?"

"சாவி இல்லம்மா. நம்பர் போட்டுத் தொறக்கறது."

"என்ன நம்பர்? பாப்பா பொறந்த நாளா?"

அக்கா பதில் சொல்லவில்லை. எண்ணை மாற்றிவிட்டதாக மறுநாள் காலை எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.